அம்மா முடிந்துவைத்த காசைத் தேய்த்துவிடாதீர்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். அம்மா காலமான பிறகு அவர் பீரோவை ஒழித்தபோது அடித்தட்டில் ஒரு பால்பவுடர் டப்பா கிடைத்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய 26 வெள்ளிக் காசுகள். விக்டோரியா ராணி, எட்வர்டு, ஜார்ஜ் என்று எல்லாம் கலந்து இருக்கின்றன. பெரும்பாலும் கறுத்துவிட்டன. 2023 வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டு நனைந்ததால் டப்பா துருப்பிடித்து, மூன்று காசுகளில் துருவும் பச்சையும் ஒட்டியிருக்கின்றன. 1969ஆம் ஆண்டு காந்தி பத்து ரூபாய் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் பிசுபிசுவென்று இருக்கிறது. இவற்றில் ஒன்று மட்டும் தனியாக மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. 1919ஆம் ஆண்டு ஒரு ரூபாய். அண்ணனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு அம்மா நேர்ந்து முடிந்தது என்று பெரியம்மா சொல்கிறார். அந்தக் காசின் ஓரமெல்லாம் நீலமும் ரோஜா நிறமுமாக மயில்கழுத்து மாதிரி இருக்கிறது. சௌகார்பேட்டையில் ஒரு கடையில் காட்டினேன். "கெமிக்கல் பட்டிருக்கு, பாலிஷ் போட்டால்தான் விலை" என்று சொல்லி எடைக்கு விலை சொன்னார்கள். அண்ணன் புளி போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார். என் மகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், அனுப்பினால் கிரேடிங், அதாவது தரச்சான்று, செய்து தருகிறேன் என்கிறான். என்ன செய்வது? எப்படிப் பத்திரப்படுத்துவது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் புளியைச் சமையலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரி. 26 காசுகளில் எதையும் இப்போதைக்குக் கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், புடவைத் தலைப்பால்கூட ஒற்ற வேண்டாம். தங்கசாலைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பழைய நாணயங்களைப் பார்த்து, தரம் பிரித்து, பராமரித்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்த முப்பது வருஷத்தில் என் மேஜைக்கு வந்த நாணயங்களில் காலத்தால் கெட்டவற்றைவிடக் கையால் கெட்டவைதான் அதிகம்.

மயில்கழுத்து என்று எழுதியிருந்தீர்கள். அதைவிடச் சரியான சொல் எனக்கும் கிடைத்ததில்லை. மயில் இறகில் நீலச் சாயம் ஏதும் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில்தான் அந்த நிறம் பிறக்கிறது. உங்கள் காசிலும் அப்படித்தான். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு மிக மிகக் குறைந்த அளவில் எப்போதும் இருக்கிறது. வெள்ளி அதை விடாமல் இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் வெள்ளி சல்ஃபைடு என்ற படலம் உருவாகும். தொடக்கத்தில் அதன் தடிமன் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள வெள்ளி வரை போய்த் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சுகின்றன. மழை பெய்த ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதே கணக்குதான். சேகரிப்பாளர்கள் இதை டோனிங் என்கிறோம்.

படலம் தடிமனாக ஆக நிறமும் ஒரு வரிசையில் மாறும். முதலில் வெளிர்மஞ்சள், அப்புறம் பொன்னிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம். அதையும் தாண்டினால் வெளிர்நீலம் வந்து, மறுபடி மஞ்சள், ரோஜா, பச்சை என்று இரண்டாவது சுற்று. கடைசியில் ஒளி ஊடுருவவே முடியாத அளவுக்குத் தடித்து அடர்ந்த கறுப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை இதில்தான் இருக்கிறது.

அந்த 1919 ரூபாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. காகிதப் பணத்தை நம்பாத ஜனங்கள் வெள்ளியைக் கேட்டு நின்றார்கள். 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கஜானாவில் இருந்த சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் மிகப் பெரும்பகுதியை இந்தியாவில் ரூபாய் அடிப்பதற்காக பிரிட்டனுக்கு விற்றது. உங்கள் கையில் இருக்கும் காசில் அந்த டாலர் வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உருக்கப்படாமல் தப்பிய டாலர்கள் அமெரிக்காவில் வங்கி அறைகளில் கித்தான் பைகளுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்தன. பையின் துணியை ஒட்டிக் கிடந்த நாணயங்களில்தான் உலகம் கொண்டாடும் வானவில் டோனிங் வந்தது. அங்கே கித்தான் பை செய்த வேலையை இங்கே உங்கள் அம்மாவின் மஞ்சள் துணி செய்திருக்கிறது. அண்ணனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அந்த முடிச்சு நாற்பது ஐம்பது வருஷம் அவிழ்க்கப்படாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காற்று துணியின் ஓரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைய முடியும். அதனால்தான் நிறம் விளிம்பில் தொடங்கி நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது.

இப்போது கடைக்காரர் சொன்ன கெமிக்கல். அவருடைய சந்தேகத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். வானவில் நிறத்துக்கு விலை உண்டு என்று தெரிந்ததும், கந்தக மருந்து பூசியும், அடுப்பில் சூடாக்கியும், அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்தும் நிறம் ஏற்றுகிற வேலை உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு விளக்கின் கீழ், விளிம்பைப் பிடித்து, காசை மெதுவாகச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். நிறத்துக்கு அடியில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி சுழன்று வருகிறதா? அதுதான் அச்சடிக்கும்போதே பிறந்த பளபளப்பு. அது நிறத்தின் ஊடாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. அடுத்து, விளிம்பிலிருந்து நடுப்பக்கம் போகப் போக நிறங்கள் நான் சொன்ன வரிசையைத் தலைகீழாக ஒட்டி, அதாவது நீலம், ஊதா, செம்பழுப்பு, பொன் என்று இளகிக்கொண்டே போக வேண்டும். பொன்னே இல்லாமல் வெறும் நீலம் திட்டுத்திட்டாக வெள்ளியின்மேல் உட்கார்ந்திருந்தாலோ, எழுத்தின் மேடு, பள்ளம் என்ற பேதமில்லாமல் வண்ணம் தெளித்தது போல ஓடியிருந்தாலோ சந்தேகப்படலாம். இயற்கையாக வந்ததில் ராஜாவின் பெயர் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் ஒரு நூலிழை அளவுக்கு விலகி நிற்கும். துணி எழுத்தின் மேட்டில் மாட்டிக்கொண்டு பள்ளத்தைத் தொடாமல் விட்டதால் வரும் இடைவெளி அது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறம் மாறியிருக்காது என்பதும் பெரும்பாலும் இயற்கைக்கே உரிய குணம்.

புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, பூந்திக்கொட்டை, பித்தளை விளக்கும் பவுடர் எல்லாம் நம் வீட்டில் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் வெகுகாலமாக உழைத்தவை. கிண்ணத்துக்குத் தேய்ப்பு தாங்கும். காசுக்குத் தாங்காது. அச்சுக்கடியில் உலோகம் நசுங்கி வெளிப்பக்கமாக வழியும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் உண்டாகின்றன. அந்தச் சுழலும் பளபளப்பு இந்த வரிகளில்தான் இருக்கிறது. விபூதியின் ஒரு துகள் போதும் அவற்றைக் கீறுவதற்கு. புளியின் அமிலம் கறுப்போடு நிற்காமல் காசிலுள்ள செம்பையும் தின்னும். நகைக்கடைகளில் பயன்படும் சில்வர் டிப் திரவம் தேய்க்காமலேயே கறுப்பை எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் படலத்தில் இருக்கும் வெள்ளியும் காசின் வெள்ளிதானே, அதுவும் சேர்ந்து போகிறது. இரண்டு முறை முக்கினால் வரிகள் மழுங்கி, காசு வெள்ளையடித்த சுவர் மாதிரி உயிரில்லாமல் நிற்கும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் வைத்துச் செய்யும் வித்தையும் கைகொடுக்காது. நிறம் போய்விடும், பழைய பளபளப்பு திரும்பி வராது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் 1862 ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்து, "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடு தம்பி" என்றார். ஓரத்தில் பொன்னும் செம்பழுப்புமாக, புழக்கமே படாத காசு. எனக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை. டிப்பில் முக்கி, சோடா மாவு தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்து, பளிச்சென்று திருப்பிக் கொடுத்தேன். அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார். நாலு வருஷம் கழித்து அதே காசு விற்பனைக்கு என்னிடமே வந்தது. லென்ஸில் பார்த்தபோது ராணியின் கன்னம் முழுக்க என் கட்டைவிரல் போன பாதையில் கீறல்கள். அதை அன்றைக்கு யாராலும் சரிசெய்ய முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்குத் தர எண் கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள்.

சரி, மற்றக் காசுகளுக்கு வருவோம். கறுத்துத் தேய்ந்த விக்டோரியாவும் ஜார்ஜும் கிரீடம் இல்லாத எட்வர்டும் பெரும்பாலும் பல கை மாறியவை. பள்ளங்களில் கறுப்பும் மேடுகளில் சாம்பல் வெண்மையும் இருக்கும். அதுதான் அவற்றுக்கு இயல்பான நிறம். அந்தக் கறுப்புதான் முகத்தையும் எழுத்தையும் எடுப்பாகக் காட்டுகிறது. அப்படியே விடுங்கள். 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடை, நூறில் சுமார் 91.7 பங்கு வெள்ளி. நகை எடைபோடும் சின்னத் தராசில் வைத்துப் பாருங்கள். நன்றாகத் தேய்ந்தவை கொஞ்சம் குறைவாகக் காட்டும், அதிலே தப்பில்லை. காந்தம் ஒட்டினாலோ எடை அரை கிராம் கூடுதலாக இருந்தாலோ அது போலி. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான், 40 பங்கு செம்பு. அதனால் அவை வானவில் காட்டுவது அபூர்வம், மங்கலான பழுப்புக்குத்தான் போகும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1911 ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ராஜாவின் அங்கியில் பொறித்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, மறு வருஷமே உருவத்தைத் திருத்தினார்கள்.

1862 காசுகள் இருந்தால் அவற்றையும் தனியே வையுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு ஊர்ப்பாசமும் உண்டு. அந்த வருஷம் பொறித்த ரூபாயைக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் மட்டுமில்லை, உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தங்கசாலையிலும் அடித்தார்கள். பேருந்து நடத்துநர் "மின்ட், மின்ட்" என்று கூவுகிறாரே, அந்த மின்ட்தான். 1869இல் அது மூடப்பட்டது. சென்னையில் அடித்ததற்குத் தனிக் குறி கிடையாது. ராணியின் உடையில் இருக்கும் பூவேலையையும் பின்பக்கப் பூங்கொடியையும் வைத்துத்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பூவேலையின் நுணுக்கம் புளியில் போய்விட்டால் எந்த ஊர்க் காசு என்றே தெரியாமல் போய்விடும்.

விலை விஷயத்தில் ஆசை காட்ட விரும்பவில்லை. 26இல் இருபதாவது வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும் சாதாரணக் காசுகளாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 1919ஐ எடைக்குக் கேட்டது நியாயமில்லை. 1919 அபூர்வ வருஷம் இல்லை, கோடிக்கணக்கில் அடித்த காசு. இருந்தாலும் புழங்காத நிலையில், உண்மையான நிறத்தோடு இருந்தால் அதற்கென்று தேடிவரும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

காந்தி பத்து ரூபாய்தான் இருப்பதிலேயே அவசரம். அது 15 கிராம், 80 பங்கு வெள்ளி, மீதி செம்பு. அந்தப் பிசுபிசுப்பு காசிலிருந்து வரவில்லை, உறையிலிருந்து வருகிறது. மெத்தென்று வளையும் பிவிசி உறையில் பிளாஸ்டிக்கை இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய் நாளாக ஆகக் கசியும். கூடவே பிவிசி சிதைந்து அமிலமும் வெளிப்படும். அது செம்போடு சேர்ந்து பச்சையாகப் படியும். விட்டுவைத்தால் உலோகத்தையே அரித்துக் குழி போட்டுவிடும். இதற்கு மட்டும் நீங்களே செய்யக்கூடிய மருந்து ஒன்று இருக்கிறது, சுத்தமான அசிட்டோன். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் கேளுங்கள். நகப்பாலிஷ் நீக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு முழுகும் அளவு ஊற்றி, மூடி, பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்கள். பழைய அசிட்டோனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி இன்னொரு முறை. தேய்க்கவே கூடாது. விளிம்பைப் பிடித்துத் தூக்கி, சுத்தமான பருத்தித் துணியின்மேல் நிறுத்தினால் நிமிஷத்தில் தானாக உலர்ந்துவிடும். அசிட்டோன் பிளாஸ்டிக் கழிவையும் எண்ணெயையும் கரைக்கும், வெள்ளியைத் தொடாது, இயற்கை நிறத்தையும் எடுக்காது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். மொட்டைமாடியிலோ ஜன்னல் திறந்த அறையிலோ செய்யுங்கள். அடுப்பு, ஊதுவத்தி, காமாட்சி விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது.

மிக்ஜாம் புயலில் நனைந்த மூன்று காசுகளை நீங்கள் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். நம் பகுதியில் வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணீரா என்ன, சாக்கடையும் உப்பும் கலந்தது. உப்பிலுள்ள குளோரைடு கந்தகத்தைவிடப் பொல்லாதது. கந்தகம் மேலே படியும், குளோரைடு உள்ளே அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அந்த மூன்றையும் ஊறவைத்து, தினம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் செய்யலாம். ஒட்டிய உப்பு கரைந்து வெளியேறும். அதற்கு மேல் துருவைச் சுரண்டுவதெல்லாம் பழகியவர் கைக்கு விட்டுவிடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகச் சிலைகளைக் காப்பதற்காகவே 1930இலிருந்து ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்கி வருகிறது. கடற்கரைக் காற்றில் உலோகத்தைக் காப்பது இந்த ஊருக்கு அவ்வளவு பழைய கவலை.

இனி எப்படி வைப்பது? இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வெளியூர் ஆலோசனைகளை அப்படியே நம் வீட்டில் நடைமுறைப்படுத்த முடியாது. கடல் அரை மணி நடையில் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது வேறெதுவும் இல்லை, நான் மேலே சொன்ன அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே வெள்ளிக்குத் தெரிந்துவிடும். இதோடு காற்றின் ஈரம். ஈரம் கூடினால் கறுப்பதும் வேகமாகும்.

செய்தித்தாளிலிருந்து எல்லாக் காசுகளையும் முதலில் வெளியே எடுங்கள். மெத்தைமேல் துண்டு விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள், கை தவறினால் தரையில் விழாது. கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். விரல் வியர்வை அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து ரேகையோடு காட்டிக்கொடுக்கும். காசுக்கு நேராகக் குனிந்து பேசாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் கறும்புள்ளியாக மாறி அங்கேயே தங்கிவிடும்.

ஒவ்வொரு காசுக்கும் தனி இடம் வேண்டும். ஒன்றோடொன்று உரசக் கூடாது. நல்லவற்றுக்கு இரண்டு பக்கமும் மூடும் கடினமான அக்ரிலிக் காப்ஸ்யூல் வாங்குங்கள். ரூபாய்க் காசின் குறுக்களவு 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதற்கேற்ற அளவு கேளுங்கள். மற்றவற்றுக்கு மைலார் என்ற மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர் போதும். அதன் ஸ்டேப்ளர் பின் நம் ஊர்க் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் தானாக ஒட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். ஆல்பம் என்ற பெயரில் மலிவாக விற்கும் மெத்தென்ற உறை எதுவுமே வேண்டாம். புது ரெக்சின் மாதிரி வாசனை வந்தால் அது பிவிசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹோல்டர்களை எல்லாம் மூடி இறுகும் டப்பா ஒன்றில் வையுங்கள். சமையலறைச் சாமான் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவே போதும், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது பாலிப்ரொப்பிலீன், வெள்ளிக்குத் தீங்கில்லாதது. 3 என்றிருந்தால் பிவிசி, கூடாது. உள்ளே ஆரஞ்சு நிற சிலிகா ஜெல் 50 கிராம் பொட்டலம் ஒன்று. ஈரம் இழுத்துப் பச்சையானால், அகலமான பாத்திரத்தில் பரப்பி மெல்லிய தீயில் பழைய நிறம் திரும்பும் வரை சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அதற்கென்று ஒதுக்கிய பாத்திரமாக இருக்கட்டும். வெயிலில் காயவைத்தால் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். சிலிகா ஜெல் ஈரத்தைத்தான் எடுக்கும், கந்தகத்தை எடுக்காது. அதற்கு வெள்ளி கறுக்காமல் இருக்கப் போடும் தாள் துண்டுகள் கிடைக்கின்றன. காசைத் தொடாமல் டப்பாவின் ஓரத்தில் ஒன்று வைத்து, பொட்டலத்தில் சொன்ன காலம் முடிந்ததும் மாற்றுங்கள்.

ரப்பர் பேண்டு போடவே கூடாது. ரப்பரைக் கடினமாக்கச் சேர்ப்பதே கந்தகம். கட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். பீரோவில் துணிகளுக்குப் போடும் பாச்சை உருண்டை, வெல்வெட் பெட்டி, புதிதாகச் செய்த பிளைவுட் அலமாரி இவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். இரும்பு பீரோ நல்லதுதான். ஆனால் அடித்தட்டு வேண்டாம், 2023 திரும்ப வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நடுத்தட்டு போதும். வங்கி லாக்கரில் வைப்பதாக இருந்தாலும் இதே டப்பாவோடு வையுங்கள், பல லாக்கர் அறைகளில் ஈரம் அதிகம். பூஜை அறையில் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். ஆனால் தீபாவளி லட்சுமி பூஜைக்கு வெள்ளிக் காசு வைப்பது உங்கள் அம்மாவின் வழக்கமாக இருந்திருக்கும். அதை விட வேண்டாம். நன்றாகத் தேய்ந்த ஜார்ஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பூஜைக் காசாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாலாபிஷேகமும் செய்யலாம், குங்குமமும் வைக்கலாம், வேண்டுமானால் அண்ணன் புளியும் போடலாம். மற்ற 25க்கும் வேண்டாம்.

மகனிடம் சொல்லிவிடுங்கள், நூறு வருஷம் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதோ அனுப்புவதோ குற்றம். உங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வரம்பைத் தாண்டியவை. 1919உம் தாண்டிவிட்டது.

அந்த 1919ஐ மறுபடி மஞ்சள் துணியில் முடிந்துவைக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். மனசு கேட்டாலும் அப்படிச் செய்யாதீர்கள். நிற வரிசையைச் சொன்னேனே, துணியோடு விட்டால் அது நீலத்தில் நிற்காது. இன்னொரு இருபது வருஷத்தில் கறுப்புக்கே போய்விடலாம். அம்மா விட்ட இடத்தில் அதை நிறுத்துவதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. காப்ஸ்யூலில் போட்டு, இன்றைய தேதியில் இருபக்கமும் படம் எடுத்து, யாருக்காக, எதற்காக முடிந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி டப்பாவோடு வையுங்கள். அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தேய்க்கலாம் என்று அவர் கேட்கும் அந்தக் காசு அவர் உயிருக்காக முடியப்பட்டது. நேர்த்திக்கடன் பாக்கி என்று குடும்பத்தில் உறுத்தினால் அது நீங்களும் அம்மனும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நான் அதில் தலையிட முடியாது. உண்டியலில் விழும் காசு மற்ற சில்லறையோடு சேர்ந்து உரசும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதே எடையில் வேறொரு வெள்ளிக் காசைச் செலுத்தலாமா என்று கோயிலில் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

1919ஐயும், 1862 காசுகள் இருந்தால் அவற்றையும் ஒருநாள் நேரில் கொண்டுவாருங்கள். பர்ஸில் போடாமல் டப்பாவோடு வாருங்கள். அந்த மஞ்சள் துணியைத் துவைக்காமல், தூக்கிப் போடாமல், ஒரு தாள் உறையில் போட்டு அதையும் எடுத்துவாருங்கள். துணி அழுந்திக் கிடந்த காசில் சில சமயம் நெசவின் கட்டம்கூட நிறத்தில் பதிந்திருக்கும். உங்கள் காசில் அது இருந்தால், துணியின் இழையையும் காசில் பதிந்த இழையையும் லென்ஸுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம்.